சம்பளம் கூடியது, சங்கக்கடை யாருடையது?

சம்பளத்துக்காக நாம் எத்தனை தடவை வேலையை நிறுத்தினோம், எத்தனை தடவை வீதியில் இறங்கினோம் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாயிற்று. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என வர்த்தமானி வந்தது. இவை யாரும் தானமாகத் தந்தவை அல்ல. ஆனால் சம்பளம் போட்ட அன்று மாலையே அதில் பெரும்பங்கு கடைக்கொப்பியில் கழிந்துவிடுகிறது. மிச்சம் தவணைக்காரர் வரும் நாளுக்கு எடுத்து வைக்கப்படுகிறது. கம்பனிகளிடம் போராடி வாங்கியது கடைவாசலில் எங்கே போகிறது என்று கேட்க வேண்டிய நேரம் இது.

இந்தக் கடன் நேற்று வந்ததல்ல. கங்காணி காலத்தில் ஊரிலிருந்து கூட்டிவந்த செலவும் கம்பளியும் அரிசியும் நம் முன்னோர் பெயரில் கடனாக ஏறின. கடனைக் கட்டினால் ஆட்களை விடுகிறோம் என்று தோட்டம் எழுதித் தரும் 'துண்டு' இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிந்தது. அரிசியோ தொடர்ந்து தோட்டத்தாலேயே வழங்கப்பட்டு, சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கூலியோடு அரிசி விலையையும் சேர்த்தே கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. அரிசி விலையைத் தோட்டத்தின் கையில் விட்டுவிட்டால் கூலியைக் கூட்டிப் பயனில்லை என்பது அன்றே தெரிந்திருந்தது.

இங்கிலாந்தின் தொழிலாளரும் இதே பாடுபட்டவர்கள்தான். முதலாளியின் கடையிலேயே சாமான் வாங்க வேண்டிய கட்டாயம், கலப்பட மா, குறைந்த நிறை. 1844 டிசம்பர் 21இல் ரொச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். நெசவாளர்கள் முன்னின்ற அந்தக் கடையில் முதலில் இருந்தவை மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ், மெழுகுவர்த்தி மட்டுமே. ஆனால் அதற்குச் சட்டதிட்டம் இருந்தது. பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. கலப்படமில்லாத சாமான், சரியான நிறை. இலாபம் வாங்கிய அளவுக்கேற்ப அங்கத்தவருக்கே திரும்பும். உலகக் கூட்டுறவு இயக்கம் இன்றும் இந்த விதிகளின் வழிவந்ததே.

அந்த முறை சென்னைக்கு 1904இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமாக வந்தது. இலங்கையில் 1911இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1936இல் யாழ்ப்பாணத்து மூளாயில் ஊர்மக்கள் கூட்டுறவாக ஓர் ஆஸ்பத்திரியையே நடத்தத் தொடங்கினார்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அரிசி வரத்து நின்றது. அதே ஆண்டு ஏப்ரல் 9இல் நமது திருகோணமலைத் துறைமுகத்திலும் குண்டு விழுந்தது. அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில்தான் ஊருக்கு ஊர் நுகர்வோர் கூட்டுறவுக் கடைகள் முளைத்தன. 'சங்கக்கடை' என்ற சொல் நம் வாயில் ஏறியது அப்படித்தான்.

1957இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1970களின் தொடக்கத்தில் சிறு சங்கங்களையெல்லாம் பெருஞ்சங்கங்களாக இணைத்தார்கள். பணிப்பாளர் சபைக்கு அரசாங்க நியமனங்கள் வந்தன. முகம் தெரிந்தவர்களின் சங்கம், கூப்பனுக்குச் சாமான் கொடுக்கும் யன்னலாகச் சுருங்கியது. 1974இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தபோது அந்த யன்னலால் நம்மைக் காப்பாற்ற முடியவில்லை. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. சங்கக்கடையில் வரிசையும் கரைந்தது. அது தன்னுடையது என்று எண்ண அங்கத்தவருக்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

கூட்டுறவு என்ற பெயரால் நாம் அடியும் பட்டிருக்கிறோம். காணிச் சீர்திருத்தத்தின்பின் தோட்டங்களை எடுத்து நடத்திய 'உசவசம'வின் பெயரிலேயே கூட்டுறவு இருந்தது. அந்நாட்களில் கண்டிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வேலையும் லயமும் இழந்து வெளியேறியவர்கள் நம்மவர்கள். பெயர்ப்பலகை முக்கியமல்ல. வாக்கு யார் கையில், கணக்கு யார் கையில் என்பதே முக்கியம்.

இரண்டும் தொழிலாளர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மலாயாத் தமிழர் சாட்சி. வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, பால்மரம் வெட்டியவர்கள் நடுத்தெருவுக்கு வந்த வேளையில், வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளியாகத் தொழிலாளர் சேர்த்த பணத்தில் 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலிக்காரராக இருந்தவர்கள் பங்காளிகளானார்கள்.

நாம் உடனே தோட்டம் வாங்கச் சொல்லவில்லை. ஒரு மூட்டை மாவிலிருந்து தொடங்கலாம் என்கிறோம். கப்பல்துறைக்குப் பக்கத்திலேயே சீனக்குடா. 1980 முதல் அங்கே பிரிமா ஆலை இயங்குகிறது. வெளிநாட்டுக் கோதுமை கப்பலில் வந்து இறங்கி, மாவாக அரைபட்டு, லொறியேறி மலையகத்து ரொட்டிக்கல்லுக்குப் போகிறது. நாமோ அதைக் கடைசிக் கடையில், கிலோவாகவும் அரைக் கிலோவாகவும், கடனுக்கு வாங்குகிறோம். 2022இல் மா விலை ஏறியபோது லயத்து அடுப்புகள் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல.

பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்குவதும் வீட்டில் ரிவி வைப்பதும் குற்றமல்ல. ஆசைப்பட நமக்கும் உரிமையுண்டு. அந்த ஆசைக்குத் தவணைவட்டி கட்டியே சம்பளம் தீர்வதுதான் அநியாயம்.

கடை நடத்துவது தொழிற்சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்பார்கள். சம்பளத்தின் பெறுமதியைக் காப்பது தொழிற்சங்கத்தின் வேலை. ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறோம்.

ஒன்று, உங்கள் பகுதிப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்துவம் எடுங்கள். பொதுக்கூட்டத்துக்குப் போய், கணக்கறிக்கையைத் தமிழில் கேளுங்கள். இரண்டு, தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் இருக்குமிடத்தில் அதன் தெரிவுகளை விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்று, ஒரு லயத்தில் பத்துக் குடும்பமாவது சேர்ந்து மா, சீனி, பருப்பை மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். கைக்காசு இல்லாதவர்களுக்கு இது கடினம் என்பது தெரியும். அதனால் முதல் மூன்று மாதம் வாரச் சேமிப்பு மட்டும், பிறகு கொள்முதல். கடன் கூடாது. அடுப்பின் கணக்கு அறிந்த பெண்களே பொறுப்பில் இருக்கட்டும். கணக்கு எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டப்படட்டும். கணக்கெழுதப் பழக்குவதை ஆசிரியர்களாகிய நாம் ஏற்கிறோம்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் தலைவிகளும் அடுத்த கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுக்க வேண்டுகிறோம். எந்த லயம் முதல் மூட்டையை இறக்கியது என்ற செய்திக்கு இவ்விதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.