கிட்னி நோயாளிக்கு செப்சிஸா? ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யலாமா?

மேலூர் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குச் சில வருஷமாக டயாலிசிஸ். ஒருநாள் திடீரென குளிர் நடுக்கம். மதுரைக்குக் கூட்டிவந்து ரத்தம் கொடுத்தாச்சு. கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வருது: ப்ரோகால்சிடோனின் 0.9. பக்கத்திலேயே 'அதிகம்' என்று தடித்த எழுத்து. மகன் உடனே கூகுளில் தேடுகிறார். வருகிற பதில், 'செப்சிஸ்'.

உண்மையிலேயே செப்சிஸா? அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. காரணம், அப்பாவின் கிட்னி.

செப்சிஸ்னா என்ன?

கிருமித்தொற்றை எதிர்க்கும் உடல், கட்டுப்பாடு இழந்து தன் சொந்த உறுப்புகளையே சேதப்படுத்துவதுதான் செப்சிஸ். 2017-ல் மட்டும் உலகில் சுமார் 4.89 கோடி பேருக்கு வந்தது, சுமார் 1.1 கோடி பேர் இறந்தார்கள். சிகிச்சை தாமதமானால் ஆபத்து கூடிக்கொண்டே போகும். அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிக்க ரத்தத்தில் அடையாளம் தேடுகிறார்கள்.

ப்ரோகால்சிடோனின் எப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

சாதாரணமாக இது தைராய்டில் உருவாகும் ஒரு புரதம். ரத்தத்தில் இருப்பதே தெரியாத அளவு குறைவு. பாக்டீரியா தொற்று கடுமையானால் உடலின் பல திசுக்களும் இதைத் தயாரிக்க ஆரம்பிக்கும். சில மணி நேரத்திலேயே அளவு ஏறும். ஒரு மில்லிலிட்டரில் 0.5 நானோகிராமைத் தாண்டினால் சந்தேகம், 2-ஐத் தாண்டினால் பலத்த சந்தேகம் என்பது பொதுவான கணக்கு.

இதில் கிட்னி எங்கே வருது?

இந்தப் புரதம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். கிட்னி பழுதானால் இன்னும் கூடுதல் நேரம். போதாக்குறைக்கு, நாள்பட்ட கிட்னி நோயில் உடலுக்குள் எப்போதும் ஒரு லேசான அழற்சி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் தொற்றே இல்லாத டயாலிசிஸ் நோயாளி சிலருக்கும் அளவு 0.5-ஐத் தாண்டி நிற்கும். சில வகை டயாலிசிஸ் ஃபில்டர்கள் இந்தப் புரதத்தில் ஒரு பகுதியை வெளியேற்றிவிடும். ரத்தம் எடுத்தது டயாலிசிஸுக்கு முன்பா, பின்பா என்பதும் முக்கியம்.

சி.ஆர்.பி.யும் அதே அழற்சியால் ஏறியே இருக்கலாம். செப்சிஸ் மதிப்பெண்ணில் கணக்கிடப்படும் கிரியேட்டினினோ, இவர்களுக்கு ஏற்கெனவே அதிகம். எனவே பார்க்க வேண்டியது, வழக்கமான நிலையிலிருந்து இப்போது எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைத்தான்.

தப்பானால் என்ன ஆகும்?

இரண்டு பக்கமும் ஆபத்து. இல்லாத செப்சிஸுக்கு வீரியமான ஆன்டிபயாடிக் ஏற்றினால், அவற்றில் சில மிச்சமிருக்கும் கிட்னியையும் கெடுக்கும். 'கிட்னி பேஷன்ட்டுக்கு இப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிட்டால், நிஜ செப்சிஸ் கைநழுவிப் போகும். இந்த இரண்டாவதுதான் உயிரையே பறிக்கும். ஆன்டிபயாடிக் தொடங்குவதை ப்ரோகால்சிடோனினை வைத்து முடிவு செய்ய வேண்டாம், எப்போது நிறுத்துவது என்பதற்கு அது உதவலாம் என்றுதான் 2021-ன் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதலும் சொல்கிறது.

நம்ம என்ன செய்யலாம்?

'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வயிற்று வழி டயாலிசிஸ் பைகள் வீட்டுக்கே வருகின்றன. கிட்னி நோயோடு கிராமத்திலேயே வாழ்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அவசரத்துக்கு மதுரை பெரியாஸ்பத்திரிக்கு ஓடிவரும்போது பழைய ரிப்போர்ட் கையில் இல்லையென்றால், எது வழக்கம், எது புதுசு என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? நோயாளி நன்றாக இருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டுகளை போனில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். போனதும் 'டயாலிசிஸ் நோயாளி' என்பதை முதலில் சொல்லுங்கள்.

நடுக்கம், குழப்பமான பேச்சு, வேகமான மூச்சு, பி.பி. இறக்கம், கதீட்டர் இடத்தில் சீழ், வயிற்று டயாலிசிஸ் திரவம் கலங்கி வருவது: இதில் எது இருந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். கிட்னி நோயாளிக்குக் காய்ச்சலே இல்லாமலும் செப்சிஸ் வரலாம்.

ஆய்வகங்களுக்கும் ஒரு கோரிக்கை. 'அதிகம்' என்று அச்சிடும் இடத்திலேயே, 'கிட்னி பாதிப்பு இருந்தால் இந்த அளவு மாறலாம்' என்று ஒரு வரி சேருங்கள். பெரிய செலவில்லை. ஒரு குடும்பத்தின் வீண் பதற்றம் குறையும். டாக்டரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும் முடியும்.