பூந்தோட்டம்: சீனியாவும் நீர்வாளியும்

சிறுவர்கள் முதன்முதலாகத் தம் கையால் விதைத்து வளர்க்கத்தக்க பூஞ்செடி யாது என்று கேட்பின், சீனியா என்றே நாம் கூறுவோம். நல்ல விதை ஒரு வாரத்துள் முளைத்துவிடும். ஏறக்குறைய இரண்டு மாதங்களிற் பூக்கத் தொடங்கும். எனினும், செழித்து வந்த கன்றுகள் இலைகளிற் புள்ளி விழுந்தும் வேர் அழுகியும் வாடிப்போக, அத்துடன் தோட்ட ஆசையையே கைவிட்ட பிள்ளைகளும் உளர். குற்றம் பெரும்பாலும் விதையில் இல்லை, நீர்வாளியிலேயே இருக்கின்றது.

சீனியாவின் தாயகம் மெக்சிக்கோ. வெயிலை நாடும் செடியாதலின், நாளொன்றுக்கு 6 மணி நேரமேனும் வெயில் படும் இடமே அதற்கு உகந்தது. வடக்கிலும் கிழக்கிலும் மாரிமழை ஓய்ந்து தை பிறக்கும் காலம் விதைப்புக்கு ஏற்றது. மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்தி, மக்கிய சாணி எருவைக் கலந்து பாத்தி கட்டுக. வேர் அசைவதை இச்செடி விரும்பாது. ஆகவே கால் அங்குல ஆழத்தில் பாத்தியிலேயே விதையை ஊன்றுதல் நன்று. கன்றுக்குக் கன்று முக்கால் அடி முதல் ஓர் அடி வரை இடைவெளி வேண்டும். நெருங்கி முளைத்தவற்றைக் களைய மனம் வராது. ஆயினும் காற்றோட்டமில்லாத பாத்தியில் இலைகளின்மேல் வெண்பூசணம் படியும்.

முளைக்கும் வரை மண் காயாதிருத்தல் அவசியம். பின்னர் நாள்தோறும் வாளியைத் தூக்க வேண்டியதில்லை. விரலை ஓர் அங்குலம் மண்ணிற் செலுத்திப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், காலை வேளையில், இலை நனையாமல் அடியில் ஊற்றுக.

இப்பாடம் விண்வெளியிலும் கற்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டின் இறுதியில், அனைத்துலக விண்வெளி நிலையத்தில் வளர்ந்த சீனியாக்கள் மிகுந்த ஈரத்தாற் பூஞ்சணம் பற்றி நலிந்தன. பூமியிலிருந்து வந்த கால அட்டவணையை விடுத்து, செடியைப் பார்த்துத் தாமே நீர் அளிக்க விண்வெளி வீரர் ஸ்கொட் கெல்லி இசைவு பெற்றார். சில செடிகள் மடிந்தன. தப்பியவை 2016 சனவரியிற் பூத்தன. அட்டவணை அறியாததைக் கண் அறிந்தது.

செடி அரை அடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டாற் பக்கக் கிளைகள் பெருகும். வாடிய பூக்களை அகற்றிவரின் புதிய மொட்டுகள் தொடர்ந்து தோன்றும். பருவத்தின் இறுதியில் மட்டும் சிறந்த பூக்கள் சிலவற்றைச் செடியிலேயே நன்கு காயவிடுக. காய்ந்த பூவை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் அம்புமுனை போன்ற விதைகள் உதிரும். அவற்றை நிழலில் உலர்த்தி, காகித உறையிலிட்டு, ஆண்டைக் குறித்து வைத்திடுக. வண்டுகள் மகரந்தத்தைக் கலப்பதால் அடுத்த ஆண்டுப் பூவின் நிறம் மாறவுங் கூடும். அதுவும் பிள்ளைகளுக்கு ஒரு பாடமே.

உறையிற் பாதியை அயல்வீட்டுப் பிள்ளைக்கு அளிப்போமாக. விதையோடு, விரலால் மண்ணைத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்து அளிப்பதே நல்ல கொடையாகும்.