பழகிவிடும் என்று விட்டுவிடலாமா?
நாய் வளரும் வீட்டில் குருவி வளர்ப்போருக்கு ஒரு குடும்ப வைத்தியரின் கருத்து

"அது பழகீடும்." எமது வீடுகளில் இந்தச் சொல்லுக்குத் தனிச் செல்வாக்கு உண்டு. குளிர் பழகீடும், புதுப் பள்ளிக்கூடம் பழகீடும், இரவு வேலை பழகீடும் என்று சொல்லிச் சொல்லித்தான் நாம் இந்த நாட்டில் காலூன்றினோம். இப்போது அதே சொல்லை வீட்டுப் பிராணிகள் விடயத்திலும் கேட்கிறேன். பிள்ளை ஆசைப்பட்டது என்று ஒரு குருவி வாங்கியாயிற்று. வீட்டில் ஏற்கனவே நாய் நிற்கிறது. "எங்கட நாய் ஒன்றும் செய்யாது டொக்டர், குருவியும் போகப் போகப் பழகீடும்" என்கிறார்கள் பெற்றோர்.

இந்த எண்ணம் ஆபத்தானது என்பதே எனது கருத்து. சுகாதாரப் பகுதியில் குருவிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நாய்க்கும் குருவிக்கும் இடையில் கையை விட்டுக் கடி வாங்கிய பிள்ளைகளைப் பார்க்கும் வைத்தியன் நான். விடாத இருமலோடு வருபவரிடம் "வீட்டில் பறவை இருக்கிறதா" என்று கேட்க வேண்டியவனும் நான்தான். எனவே இதுவும் உடல்நல விடயமே.

ஊரிலும் இங்கும்

ஊரில் நாய் முற்றத்தில் நின்றது. படலையைக் காத்தது. கிளிக்கூடு விறாந்தையில் தொங்கியது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் ஒரே அறையில் இருந்ததில்லை. இங்கு அவுஸ்திரேலியாவில், குளிர்காலத்தில் யன்னல் பூட்டிய சிறிய வீட்டில், நாய் சோபாவில் படுக்கிறது. நாலடி தள்ளிக் குருவிக்கூடு. ஊர் அனுபவம் இதற்குப் போதாது.

நாம் ஊரில் "லவ் பேர்ட்ஸ்" என்று அழைத்த சிறு குருவியின் உண்மையான பெயர் பட்ஜரிகார். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆபிரிக்கப் பறவைகள். பட்ஜரிகாரின் தாயகமோ நாம் இப்போது வாழும் அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. 1840இல் ஜோன் கூல்ட் என்ற பறவையியலாளர் உயிருள்ள பட்ஜரிகார்களை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்துதான் அது உலகெங்கும் கூட்டுப் பறவை ஆனது. அதன் நிறை ஏறக்குறைய 30 தொடக்கம் 40 கிராம். உங்கள் நாயின் நிறை 20 கிலோ என்றால், குருவியைவிட 500 மடங்குக்கு மேல். நாய் விளையாட்டாகக் கால் வைத்தாலே போதும்.

அமைதி எல்லாம் நம்பிக்கை ஆகாது

காட்டில் இந்தக் குருவி பிறவற்றுக்கு இரை. இரையாகும் பிராணி, தன் பலவீனத்தை வெளியே காட்டினால் முதலில் பிடிபடும். அதனால் பயத்தையும் நோயையும் மறைக்கப் பிறவியிலேயே பழகியது. நாய் கூட்டருகே வந்ததும் குருவி சத்தம் போடாமல் அசையாமல் இருந்தால், "பாருங்கோ, பயப்பிடேல்லை" என்கிறோம். உண்மையில் அது உறைந்துபோய் இருக்கிறது. சிறகுகளை உடம்போடு ஒட்ட இறுக்கி, கழுத்தை நீட்டி, கண் இமைக்காமல் இருந்தால் அது பயம். வாய் திறந்து மூச்சு வாங்குவதும், நாய் நிற்கும் வரைக்கும் தீனியைத் தொடாதிருப்பதும் பயமே. கொக்கட்டீல் வைத்திருப்போர் இரவில் திடீரெனக் கூட்டுக்குள் அடித்துப் புரளும் சத்தம் கேட்டிருப்பீர்கள். இருட்டில் ஒரு சிறு அசைவோ சத்தமோ போதும், அது வெருண்டு விடும்.

நிம்மதியான குருவி எப்படி இருக்கும்? உங்கள் முன்னால் தீனி தின்னும். சிறகு கோதும். ஒற்றைக் காலில் நின்று கண்ணயரும். சொண்டை மெல்ல அரைக்கும். ஒரு பக்கத்துக் காலையும் சிறகையும் ஒன்றாக நீட்டிச் சோம்பல் முறிக்கும். நாய் அதே அறையில் இருக்கும்போதும் இவற்றைச் செய்கிறதா என்று பாருங்கள். அதுதான் அளவுகோல்.

நான் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தவன். என்னைப் போல் வந்த பலருக்கு இன்று வைத்தியம் பார்க்கிறேன். சிலர் முதல் நாளில் நான் கேட்பதற்கெல்லாம் "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார்கள். ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். அதை நிம்மதி என்று எடுத்துக்கொள்ளும் வைத்தியர் அவரைப் பற்றி ஒன்றும் அறிய மாட்டார். எப்போது அவர் "இந்த மருந்து எனக்கு வேண்டாம்" என்று சொல்கிறாரோ, அன்றுதான் நம்பிக்கை தொடங்குகிறது. மனிதரையும் குருவியையும் ஒரே தராசில் நான் வைக்கவில்லை. ஆனால் தப்பி ஓட வழியில்லாத போது உடம்பு அடங்கிப் போவது இரண்டுக்கும் பொது. "வேண்டாம்" என்று சொல்ல இடமிருந்தால்தான் "ஓம்" என்பதற்கு அர்த்தம் உண்டு.

நாயைக் குறை சொல்ல வேண்டாம்

நாய் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சிறகடித்து விரைவாக அசையும் எதையும் துரத்துவது அதன் இரத்தத்தில் ஊறியது. டெரியர் இனங்கள் எலி போன்ற சிறு பிராணிகளைப் பிடிக்க வளர்க்கப்பட்டவை. றிட்ரீவர் இனங்கள், வேட்டையில் சுடப்பட்ட பறவைகளை வாயில் கவ்விக் கொண்டுவர வளர்க்கப்பட்டவை. "எங்கட நாய் மெதுவாய்த்தான் கவ்வும்" என்பது வாத்துக்குச் சரி. 35 கிராம் குருவிக்குச் சரிவராது.

வாலாட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம். உடம்பு விறைத்து, வாயை மூடி, கண்ணை எடுக்காமல் கூட்டையே பார்த்தபடி நிற்கும் நாய் சிநேகமாக நிற்கவில்லை. மெல்ல முனகுவதும் நடுங்குவதும் அப்படியே. உடம்பு தளர்ந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டவுடன் திரும்பும் நாயோடுதான் பயிற்சி செய்யலாம்.

நாய் முதுகில் குருவி இருக்கும் வீடியோக்களைப் பிள்ளைகள் காட்டுகிறார்கள். தயவு செய்து அவற்றைப் பார்த்து முயற்சி செய்ய வேண்டாம். நாய்க்கும் குருவிக்கும் நட்பு வரவேண்டும் என்ற இலக்கே தேவையில்லை. குருவி உங்களை நம்ப வேண்டும். நாய் உங்கள் சொல்லைக் கேட்க வேண்டும். இவ்விரண்டும் போதும்.

நம்பிக்கையை வளர்ப்பது எப்படி?

முதலில் இடம். கூட்டைச் சுவரோரமாக, பெரியவரின் நெஞ்சளவு உயரத்தில், அசையாத மேசையில் வையுங்கள். அறையின் நடுவில் வைத்தால் குருவிக்கு எல்லாப் பக்கமும் காவல் இருக்க வேண்டி வரும். ஒரு பக்கத்தைத் துணியால் மறைத்து ஒளிந்துகொள்ள இடம் கொடுங்கள். இரவில் 10 தொடக்கம் 12 மணி நேர உறக்கம் தேவை. அந்த அறைக்குள் நாய் வரக்கூடாது.

முதல் வாரம் ஒன்றும் செய்யாதீர்கள். தீனியும் தண்ணீரும் மாற்றுங்கள், பக்கத்தில் இருந்து மெல்லக் கதையுங்கள். அம்மம்மா கதிரையைப் போட்டுத் தேவாரம் பாடினாலும் நல்லதே. பிறகு கம்பியூடாகத் தினைக் கதிரைக் கொடுங்கள். கடைகளில் குருவிக்கென்று விற்கும் கதிர் பெரும்பாலும் நமது தினைதான். தினைப்புனத்தில் வள்ளி கிளி விரட்டிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல சந்தர்ப்பம். கிளிக்குத் தினையில் உள்ள ஆசை அன்றே எம்மவருக்குத் தெரிந்திருக்கிறது.

கம்பியூடாக வாங்கித் தின்னப் பழகிய பின், கூட்டின் கதவைத் திறந்து கையை அசையாமல் வையுங்கள். குருவி வந்தால் தினை. வராவிட்டால் கையை எடுத்துவிட்டு நாளை பாருங்கள். ஒரு தடவைக்கு 5 அல்லது 10 நிமிடம் போதும். குருவி பின்வாங்கும்போது நீங்களும் பின்வாங்குவதுதான் முக்கியமான பாடம். "இவர் என் சொல் கேட்கிறார்" என்று அது அறிந்துகொள்ளும்.

பிள்ளைகள் குருவியை உள்ளங்கையில் பொத்திப் பிடிப்பதை அறவே நிறுத்துங்கள். பறவைக்கு எமக்கு இருப்பது போன்ற பிரிமென்றகடு கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அது மூச்சு விடும். நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால், மூக்கை மூடாமலே மூச்சு நின்றுவிடும்.

நாய்க்குத் தனிப் பயிற்சி. முதலில் குருவி இல்லாத அறையில் "இரு", "விடு", "வா" ஆகியவற்றைப் பழக்குங்கள். பின் கழுத்துக் கயிற்றோடு, கூட்டிலிருந்து தூரத்தில், ஒரு பாயில் படுக்க வையுங்கள். குருவியிலிருந்து கண்ணை எடுத்து உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு தின்பண்டம். எந்தத் தூரத்தில் குருவி தீனியைத் தொடர்ந்து தின்கிறதோ, அதுவே உங்கள் தொடக்கத் தூரம். அதைக் குறைப்பதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

எவ்வளவு பழகினாலும் ஒரு விதி மாறக்கூடாது: குருவி கூட்டுக்கு வெளியே வந்தால் நாய் மூடிய கதவுக்கு வெளியே. வீட்டில் ஆளில்லாத நேரமும் அப்படியே. தவறி நாயின் பல் பட்டுவிட்டால், காயம் வெளியே தெரியாவிட்டாலும் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். உமிழ்நீரில் உள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்தால் சிறு பறவை அதிக நேரம் தாங்காது. அந்தக் கணத்தில் இடையே கையை நுழைக்கக் கூடாது, கதவை மூடு, பெரியவரைக் கூப்பிடு என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிள்ளைக்குக் கடி பட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவி, வைத்தியரிடம் காட்டுங்கள்.

எமது குசினியும் குருவியும்

நாயைவிட விரைவாகக் கொல்லக்கூடியது நமது குசினியில் இருக்கிறது. நொன்-ஸ்டிக் தோசைக்கல்லை வெறுமையாக அடுப்பில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் கதைப்பவர்கள் கவனியுங்கள். 260 பாகை செல்சியசைத் தாண்டினால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும். வெளிவரும் புகை எமக்குக் காய்ச்சல் போன்ற உபாதை தரலாம்; குருவியை நிமிடங்களில் கொல்லும். பறவையின் சுவாசம் எம்முடையதைவிடத் திறமையானது. நஞ்சையும் அதே திறமையோடு உள்ளே எடுத்துவிடும். சாம்பிராணி, ஊதுபத்தி, நுளம்புத்திரி, தாளிக்கும் புகை எதுவும் கூடு உள்ள அறையில் வேண்டாம். அவக்காடோ, அதாவது எமது ஆனைக்கொய்யா, குருவிக்கு நஞ்சு. சொக்கிளேற் குருவிக்கும் நாய்க்கும் நஞ்சு.

வீட்டாரின் உடல்நலம்

கிளிக் காய்ச்சல் எனப்படும் சிற்றகோசிஸ் அரிதான நோய், ஆனால் இல்லாத நோய் அல்ல. 2023இலும் 2024இன் தொடக்கத்திலும் ஒஸ்திரியா, டென்மார்க், ஜேர்மனி, நெதர்லாந்து, சுவீடன் ஆகிய நாடுகளில் இந்நோய் வழமையைவிடக் கூடியதாகவும், 5 பேர் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் 2024 மார்ச்சில் அறிவித்தது. நோயுற்ற பறவையின் காய்ந்த எச்சத் தூசியைச் சுவாசிப்பதால் இது வருகிறது. பெரும்பாலும் 5 தொடக்கம் 14 நாளில் காய்ச்சல், கடும் தலையிடி, உடல் உளைவு, வரட்டு இருமல் தோன்றும். நேரத்துக்குக் கண்டறிந்தால் டொக்சிசைக்கிளின் மாத்திரையால் குணமாகும். ஆனால் வீட்டில் குருவி இருப்பதை நீங்கள் சொல்லாவிட்டால் வைத்தியர் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றே நினைப்பார்.

எனவே கூட்டைத் துப்புரவாக்கும்போது தண்ணீர் தெளித்து ஈரமாக்கித் துடையுங்கள்; காய்ந்தபடி கூட்டாதீர்கள். கைகளைக் கழுவுங்கள். சொண்டில் முத்தமும், வாயிலிருந்து தீனி ஊட்டுவதும் வேண்டாம். கூட்டுத் தட்டில் விழும் எச்சத்தை நாய் நக்காமல் பாருங்கள். கர்ப்பிணிகளும் நுரையீரல் நோயுள்ள முதியவர்களும் இந்த வேலையை மற்றவரிடம் விடட்டும். மாதக்கணக்கில் இருமலும், படியேறும்போது இளைப்பும் கூடிக்கொண்டு வந்தால் அது பறவைத் தூசியின் ஒவ்வாமையால் நுரையீரலில் வரும் அழற்சியாகவும் இருக்கலாம். அதைத் தாமதித்தால் நுரையீரலில் நிரந்தரத் தழும்பு விழும்.

முடிவாக

இவ்வளவும் எங்களால் முடியாது என்று சில குடும்பங்கள் சொல்லக்கூடும். அது நேர்மையான பதில். பூட்டக்கூடிய தனி அறை இல்லாவிட்டால், அல்லது நாய் குருவியைக் கண்டால் உங்கள் சொல் கேளாதது என்றால், குருவி வாங்காதீர்கள். பிள்ளை இரண்டு நாள் அழும். நாய் குதறிய குருவியைக் கையில் ஏந்தி அழுவதைவிட அது மேல்.

முடியும் என்பவர்கள் ஆறுதலாகத் தொடங்குங்கள். ஒரு நாள், கூட்டின் கதவு திறந்திருக்க, யாரும் கூப்பிடாமலே குருவி உங்கள் பிள்ளையின் விரலில் வந்து இருக்கும். வலியது மெலியதிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பிள்ளை அதற்குள் தானாகவே கற்றிருக்கும்.