கழுத்துக் கட்டி எல்லாம் புற்றுநோயா? தைராய்டு புற்றுநோய்க்கான 'டார்கெட்டட்' மாத்திரை யாருக்குத் தேவை?

பாப்பிரெட்டிப்பட்டியில் ஒருவருக்குக் கழுத்தில் கட்டி தெரிந்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "தருமபுரிக்குப் போறதா, மஞ்சவாடி கணவாய் தாண்டி சேலத்துக்குப் போறதா?" என்பதுதான். தைராய்டு புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்துவிட்டால் அடுத்த கேள்வி வரும்: "டார்கெட்டட் மாத்திரைன்னு சொல்றாங்களே, அதைப் போட்டா ஆபரேஷன் இல்லாம சரியாகிடுமா?"

சுருக்கமான பதில்: பெரும்பாலானவர்களுக்கு அந்த மாத்திரை தேவையே இல்லை. தேவைப்படும் சிலருக்கு, எந்த மாத்திரை என்பதை முடிவு செய்வது கட்டியின் மரபணு. ஏன் அப்படி?

செல் ஏன் சாக வேண்டும்?

நம் உடலில் நாள்தோறும் பல ஆயிரம் கோடி செல்கள் சாகின்றன. இது நோய் அல்ல, ஏற்பாடு. வயதான செல், பழுதான செல், தேவை முடிந்த செல் எல்லாம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். தவளைக் குஞ்சின் வால் மறைவதும், கருவில் குழந்தையின் விரல்கள் தனித்தனியாகப் பிரிவதும் இப்படித்தான்.

இந்தத் திட்டமிட்ட செல் மரணத்துக்கு 1972-ல் 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இதை இயக்கும் மரபணுக்களை ஒரு சிறிய புழுவில் கண்டறிந்த ஆய்வுக்கு 2002-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புழு வளரும்போது உருவாகும் 1,090 செல்களில் சரியாக 131 செல்கள் சாகும். கூடாது, குறையாது.

புற்றுநோய் செல்லின் முக்கியமான கோளாறே, சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் பெருகுவதுதான்.

தைராய்டில் நடப்பது என்ன?

தைராய்டு புற்றுநோயில் அதிகம் வருவது 'பாப்பிலரி' வகை. இதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 'பிராஃப்' என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கும். சுவிட்ச் ஆன் நிலையிலேயே சிக்கிக்கொண்டது போல, "வளரு, வளரு" என்ற உத்தரவு செல்லுக்குப் போய்க்கொண்டே இருக்கும். "போதும், சாவு" என்ற உத்தரவு அமுங்கிவிடும். 'மெடுல்லரி' என்ற வேறொரு வகையில் பெரும்பாலும் 'ரெட்' மரபணுவில் கோளாறு இருக்கும். இந்த வகையில் சுமார் கால்வாசிப் பேருக்கு அது பரம்பரையாக வருவதால், குடும்பத்தினருக்கும் பரிசோதனை தேவைப்படலாம்.

முதல் ஆயுதம் அறுவை சிகிச்சை

பாப்பிலரி வகைக்கு முதல் சிகிச்சை ஆபரேஷன்தான். பெரும்பாலானவர்கள் இதிலேயே குணமாகி நீண்ட காலம் வாழ்கிறார்கள். நோய் மீண்டும் வரும் அபாயம் உள்ளவர்களுக்கு அடுத்து கதிரியக்க அயோடின் கொடுக்கப்படும்.

உண்மையில் இலக்கு பார்த்துத் தாக்கும் பழைய சிகிச்சை இதுவே. 1940-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. தைராய்டு செல் அயோடினை ஆசையாக உறிஞ்சும். உள்ளே போன அயோடின்-131 செல்லின் டி.என்.ஏ.வை உடைக்க, செல் செத்துவிடும். எட்டு நாளில் கதிர்வீச்சு பாதியாகக் குறையும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இதைக் கொடுக்க மாட்டார்கள். அணு மருத்துவப் பிரிவு உள்ள இடங்களில்தான் இது கிடைக்கும். வேலூர் சி.எம்.சி. அவற்றில் ஒன்று.

அப்படியானால் மாத்திரை யாருக்கு?

அயோடினுக்குக் கட்டுப்படாமல் நோய் பரவுகிறவர்களுக்கும், ஆபரேஷனில் தீராத சில வகைகளுக்கும்தான்:

• சோராஃபெனிப், லென்வாட்டினிப்: கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் புது நாளங்களைத் தடுப்பவை. அமெரிக்காவில் தைராய்டு புற்றுநோய்க்கு 2013, 2015-ல் அனுமதி பெற்றவை.
• டப்ராஃபெனிப் + டிராமெட்டினிப்: பிராஃப் மாற்றம் உள்ள 'அனாபிளாஸ்டிக்' என்ற மிக வேகமான வகைக்கு. 2018-ல் அனுமதி.
• செல்பெர்காட்டினிப்: ரெட் கோளாறு உள்ளவர்களுக்கு. 2020-ல் அனுமதி.

இவை தவறான உத்தரவை நிறுத்துகின்றன. அதனால் சில செல்கள் சாகும், சில பெருகாமல் நிற்கும். லென்வாட்டினிப் ஆய்வில், மருந்து எடுத்தவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் சராசரியாக 18.3 மாதம், எடுக்காதவர்களுக்கு 3.6 மாதம். பெரிய வித்தியாசம்தான், ஆனால் முழுக் குணம் அல்ல. ரத்த அழுத்தம் எகிறுவது, வயிற்றுப்போக்கு, உள்ளங்கை-பாதத்தில் புண் போன்ற பக்க விளைவுகளும் உண்டு. நாளடைவில் செல் வேறு வழி கண்டுபிடித்துத் தப்பிப்பதும் நடக்கிறது.

விலைதான் பெரிய மலை

சோராஃபெனிப் கதை இந்தியாவுக்கு முக்கியமானது. பேயர் நிறுவனம் இதை மாதம் சுமார் ரூ.2.8 லட்சத்துக்கு விற்றது. 2012 மார்ச்சில் இந்தியா தன் முதல் கட்டாய உரிமத்தை இந்த மருந்துக்குத்தான் கொடுத்தது. ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் மாதம் ரூ.8,880-க்குத் தர முன்வந்தது. சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013-ல் அந்த முடிவை உறுதி செய்தது.

அப்போது பேசப்பட்டது சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்காக. அதே மருந்துதான் பிறகு தைராய்டுக்கும் வந்தது. ஆனால் அதற்குப் பின் வந்த எல்லா மருந்துக்கும் இப்படி விலை இறங்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 12%-லிருந்து 5% ஆனது. லட்சத்தில் விலை உள்ள மருந்துக்கு இது சிறு ஆறுதல் மட்டுமே.

சரி, எல்லோரும் கழுத்து ஸ்கேன் எடுத்துவிடலாமா?

வேண்டாம். தென் கொரியாவில் ஸ்கேன் பரவலானதும், 2011-ல் தைராய்டு புற்றுநோய்க் கண்டுபிடிப்பு 1993-ஐவிட 15 மடங்கானது. இறப்பு விகிதமோ மாறவே இல்லை. தொந்தரவே தராத சின்னக் கட்டிகளுக்காகப் பலர் தைராய்டை இழந்து, ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடும் நிலைக்கு வந்தார்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ஸ்கேன் வேண்டாம் என்று அமெரிக்க நிபுணர் குழு 2017-ல் பரிந்துரைத்தது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

• கட்டி கெட்டியாக இருந்தால், அல்லது வேகமாக வளர்ந்தால்
• சில வாரங்களாகக் குரல் கம்மியே இருந்தால்
• விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால்
• கழுத்துப் பக்கவாட்டில் நெறி கட்டியிருந்தால்

பயப்பட வேண்டாம்; தைராய்டு கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் புற்றுநோய் அல்ல. அதேசமயம், "டி.எஸ்.எச். நார்மல்" என்பதை மட்டும் வைத்துப் புற்றுநோய் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. ஸ்கேனும் ஊசி டெஸ்ட்டும்தான் அதைச் சொல்லும். தருமபுரி அல்லது சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம்.

புற்றுநோய் உறுதியானால் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த வகை? அயோடின் வேலை செய்யுமா? மரபணு பரிசோதனை தேவையா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், உங்கள் சிகிச்சையில் எது அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சந்தேகத்துக்கு 104-ஐ அழைக்கலாம். நிலத்தை அடகு வைத்து மாத்திரை வாங்குவதற்கு முன், அந்த மாத்திரை உங்கள் கட்டிக்கு உரியதுதானா என்பது தெரிந்திருக்க வேண்டும்.