மறியலால் வந்த மகள்



இந்த மாதம் ஒரு நாடகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்யும் என் அக்காவின் மகள்தான் இதற்குக் காரணம். ஒரு லீவு நாளில் ஃபோனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “சின்னம்மா, கடைசி சீசனை மட்டும் என்னோட இருந்து பாருங்க. தனியாப் பார்க்க ஏலாது” என்றாள். இரண்டு இரவு இருந்து பார்த்தோம்.

நாடகத்தின் பெயர் ‘ஒரேஞ்ச் இஸ் த நியூ பிளாக்’. அமெரிக்காவில் ஒரு பெண்கள் சிறைச்சாலையில் நடக்கிற கதை. 2013 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கி, 2019 ஜூலை 26ஆம் தேதி வெளிவந்த ஏழாவது சீசனோடு முடிந்துவிட்டது. மொத்தம் 91 எபிசோட்கள். பைப்பர் கெர்மன் என்ற பெண் தான் 13 மாதம் மறியலில் இருந்த அனுபவத்தை 2010இல் புத்தகமாக எழுதினார். ஜெஞ்சி கோகன் அதிலிருந்து நாடகத்தை உருவாக்கினார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிற நாடகம் அல்ல இது. கெட்ட வார்த்தைகளும் படுக்கையறைக் காட்சிகளும் நிறைய உண்டு. ஆனாலும் பெரியவர்கள் நாம் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன்.

ஏன் தெரியுமா? நாம் மாலையில் பார்க்கிற சீரியல்களிலும் கதாநாயகி ஜெயிலுக்குப் போகிறாள். செய்யாத குற்றத்துக்குப் போவாள், இரண்டு வாரத்தில் வெளியே வந்துவிடுவாள். உள்ளே இருக்கிற மற்றப் பெண்கள்? அவளை மிரட்டுவதற்கென்றே பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு வீடு இருக்குமா, பிள்ளை இருக்குமா என்று அந்தக் கதைகள் கேட்பதே இல்லை. இந்த நாடகமோ அந்த “மற்றப் பெண்கள்” ஒவ்வொருத்தியின் வீட்டுக்கும் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது.

கடைசி சீசனில் பைப்பர் விடுதலையாகித் தம்பி வீட்டில் வந்து இருக்கிறாள். படித்தவள், வசதியான குடும்பம். அவளுக்கே வெளியே கால் ஊன்ற முடியவில்லை. தவறாமல் நன்னடத்தை அதிகாரியிடம் போக வேண்டும், போதைமருந்துப் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டும், வேலையும் தேட வேண்டும். கைகொடுக்க ஆள் உள்ளவளுக்கே இப்படியென்றால், யாருமே இல்லாதவளுக்கு?

பென்சடக்கி என்று ஒருத்தி. எழுத்துக்களைக் கோர்த்துப் படிப்பதில் அவளுக்கு ஒரு சிரமம் உண்டு. பரீட்சையில் அவளுக்குக் கூடுதல் நேரம் கொடுப்பதற்கு ஏற்பாடு செய்ய வேண்டிய அலுவலர் அதை மறந்துவிடுகிறார். தான் ஃபெயில் என்றே நினைத்துக்கொண்டு அவள் போதைமருந்தை எடுத்து இறந்துபோகிறாள். அவள் பாஸ் என்று பிறகுதான் தெரியவருகிறது. என் பெறாமகள் அந்த இடத்தில் ஃபோனை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் அந்த சீசனில் நம்மை அதிகமாகத் தைக்கிற பகுதி வேறு. சிறைச்சாலையோடு சேர்த்து ஒரு குடிவரவுத் தடுப்பு நிலையத்தையும் காட்டுகிறார்கள். விசா இல்லாத பெண்களை நாடு கடத்தும் வரை வைத்திருக்கிற இடம். அங்கே கார்லா என்றொரு தாய், வக்கீல் இல்லாததால் தானே சட்டத்தைப் படித்துத் தன் வழக்கைப் பேசுகிறாள். பலிக்கவில்லை. பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு அவள் நாடு கடத்தப்படுகிறாள். மரிட்சா என்ற பெண், தான் அமெரிக்கக் குடிமகள் என்றே நினைத்து வளர்ந்தவள். அவளையும் விமானத்தில் ஏற்றுகிறார்கள். அந்த விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக மறைந்துபோவதாகக் காட்டுவார்கள்.

இது நமக்குத் தெரியாத கதையா? 2010 ஓகஸ்ட்டில் சன் சீ கப்பலில் கனடாவின் கரையில் போய் இறங்கிய 492 தமிழர்களில் பெண்களும் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களையும் அங்கே தடுத்து வைத்தார்கள். இந்தக் கடைசி சீசன் வந்து ஒரு மாதம் கழிந்த கையோடு, 2019 ஓகஸ்ட் முடிவில், அவுஸ்திரேலியாவின் பிலோவீலா ஊரில் குடியிருந்த ஒரு தமிழ்த் தாயையும் தகப்பனையும் அங்கே பிறந்த இரண்டு பெண்குழந்தைகளையும் இரவோடு இரவாக விமானத்தில் ஏற்றி இலங்கைக்கு அனுப்பப் பார்த்தார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே நீதிபதி ஒருவர் தடையுத்தரவு போட்டார். அது டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்மஸ் தீவில் அந்தக் குடும்பத்தை வைத்திருந்தார்கள். 2022இல்தான் அவர்களுக்கு நிரந்தர விசா கிடைத்தது. அதுவும் பிலோவீலா ஊர்ச்சனம் “எங்கள் குடும்பத்தைத் திருப்பித் தா” என்று வருஷக்கணக்காக விடாமல் நின்றதால்தான்.

இன்னும் கிட்டவும் ஒரு கதை உண்டு. வாழைச்சேனையிலிருந்து வடக்கே வாகரையைக் கடந்து, வெருகல் ஆற்றையும் கடந்து போனால் மூதூர். அந்த ஊரின் ரிசானா நபீக்கை நம்மில் யாராவது மறந்திருக்கிறோமா? பிறந்தது 1988இல். பாஸ்போர்ட்டில் 1982 என்று போட்டு, 17 வயதில் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். போய்ச் சில வாரத்தில், 2005 மே மாதம், அவளிடம் விட்டுப்போன கைக்குழந்தை இறந்துவிட்டது. கொலை என்று வழக்கு. விசாரணையில் அவளுடைய மொழியைச் சரியாக எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, பக்கத்தில் வக்கீலும் இல்லை. 2007இல் மரணதண்டனை விதித்தார்கள். 2013 ஜனவரி 9ஆம் தேதி அதை நிறைவேற்றினார்கள். ஏழரை வருஷம் அந்தப் பிள்ளை அந்த மறியலில் இருந்திருக்கிறது. அன்றைக்கு மூதூர் வீட்டில் மட்டுமா அழுதார்கள்? பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய இந்தக் கரையின் எல்லா வீட்டிலும் அல்லவா அழுதார்கள்!

சரி, நம்முடைய மறியலுக்கு வருவோம்.

மட்டக்களப்பு மறியல் என்றதும் நம் ஊரில் எல்லோரும் 1983 செப்டம்பர் 23ஐத்தான் சொல்வார்கள். வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் உயிர் தப்பி இங்கே கொண்டுவரப்பட்ட தமிழ்க் கைதிகள் சிறையை உடைத்து வெளியேறிய நாள். அதே மறியலின் பெண்கள் பகுதியில் நிர்மலா நித்தியானந்தன் இருந்தார். ஆங்கில நாடகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த படிப்பாளி. அன்றைக்கு அவரால் வெளியே வர முடியவில்லை. 1984இல்தான் அவரை மீட்டார்கள். ஆண்கள் தப்பியதைப் பேசுகிற அளவுக்கு, பெண்கள் பகுதியில் பூட்டிக் கிடந்தவரைப் பற்றி நாம் பேசியிருக்கிறோமா?

இப்போதும் அப்படித்தான். வாழைச்சேனை நீதிமன்ற வளவில் ஒரு காலை நின்று பாருங்கள். மகன் உள்ளே என்றால் தாய் நிற்பாள். புருஷன் உள்ளே என்றால் பெண்சாதி கைக்குழந்தையோடு நிற்பாள், பிணைக்கு ஆள் தேடி அலைவாள், தோட்டை அடகு வைப்பாள். பெண் உள்ளே என்றால் யார் நிற்கிறார்கள்? அநேகமாக வயது போன தாய் ஒருத்திதான். புருஷன் வரமாட்டார், அண்ணன் தம்பி “எங்கட மானம் போச்சு” என்று ஒதுங்கிவிடுவார்கள்.

உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் பெரிய குற்றவாளிகளா? இந்த நாட்டில் தண்டனை பெற்று மறியலுக்குப் போகிறவர்களில் பெரும் பங்கினர் குற்றப்பணம் கட்ட வழியில்லாமல் போகிறவர்கள்தான். தீர்ப்பே வராமல் விளக்கமறியலில் இருப்பவர்களின் தொகை அதைவிடப் பெரிது. புருஷன் இல்லாமல் பிள்ளைகளை வளர்க்கக் கசிப்புப் போத்தல் விற்றவளும், வேறு யாரோ கொடுத்த பொதியை வீட்டில் வைத்திருந்தவளும் அதற்குள் இருக்கிறார்கள். குற்றம் குற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சின்னத் தொகையைக் கட்ட ஆள் இருந்திருந்தால் அன்று மாலையே வீட்டுக்கு வந்து உலை வைத்திருப்பாளே!

பெண்களுக்கென்று இருக்கிற பெரிய சிறை கொழும்பில், வெலிக்கடையில் இருக்கிறது. வாழைச்சேனையில் ரயில் ஏறிக் கொழும்பில் இறங்கி, பொரளைக்குப் போய், சில நிமிடம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும், சிங்களம் தெரியாவிட்டால் வழி கேட்கவே பயம். 2010இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட பாங்கொக் விதிகளில், பெண் கைதியை இயன்றவரை அவளுடைய வீட்டுக்குக் கிட்டவே வைக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. வீட்டை நடத்துபவள் அவள் என்பது அந்த விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இங்கே தாயோடு மறியலில் இருக்கிற குழந்தையை ஐந்து வயதானதும் வெளியே அனுப்பிவிடுவார்கள். எந்த வீட்டுக்கு அனுப்புவது?

மட்டக்களப்பில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. நமக்குக் குடி தாய்வழியாக வருகிறது. வீடு வளவு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து இருக்கிறார். அப்படியான ஊரில் பெண் ஒருத்தி மறியலுக்குப் போனால் அந்த வீடே அல்லவா மறியலுக்குப் போகிறது? அவள் திரும்பி வரும்போது, அவளுடைய சொந்த வீட்டு வாசலில் வைத்தே “எதுக்கு வந்த?” என்று கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாடகத்தின் முடிவிலும் இதுதான் கேள்வி. செய்யாத கொலைக்கு ஆயுள்தண்டனை பெற்ற டேஸ்டி, சாவதற்கே துணிகிறாள். பிறகு மனம் மாறி, காவலாளி ஒருவரின் கையால் இறந்த தன் தோழி பூசேயின் பெயரில் ஒரு நிதியம் தொடங்க வழி பார்க்கிறாள். விடுதலையாகிற பெண்களுக்குச் சின்னச் சின்னக் கடன், அதோடு வரவு செலவு பார்க்கப் பயிற்சி. நாடகக் குழு அதே பெயரில் நிஜமாகவும் ஒரு நிதியத்தைத் தொடங்கியது.

நல்ல மனம்தான். ஆனால் நுண்கடன் என்ற சொல்லைக் கேட்டதும் என் பெறாமகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கிற கடன்காரருக்குப் பயந்து கொல்லைப்பக்கத்தால் ஓடிய பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய் வரையான பெண்களின் நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அதில் மட்டக்களப்பும் ஒன்று. மறியலால் வருகிறவளின் தலையில் முதல் வேலையாக ஒரு கடனை ஏற்றாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். அவளுக்கு முதலில் வேண்டியது நாள் சம்பளம் வருகிற ஒரு வேலை.

அந்த வேலையைக் கொடுக்கக்கூடியவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குள்ளேயே இருக்கிறீர்கள். பாசிக்குடாவில் ஹோட்டல் நடத்துகிறீர்கள், துணி வெளுக்கவும் மரக்கறி வெட்டவும் ஆள் தேடுகிறீர்கள். ஓட்டமாவடியில் தையல் கடை வைத்திருக்கிறீர்கள். கல்குடாவில் கருவாடு காயப்போட ஆள் போதவில்லை என்கிறீர்கள். மாதர் சங்கத்தில் தலைவியாக இருக்கிறீர்கள்.

உங்கள் ஒழுங்கையில் ஒரு பெண் மறியலில் இருக்கிறாளா? அவளுடைய தாய் பார்க்கப் போகிற நாளில் ஒரு முறை துணைக்குப் போய் வாருங்கள். அவளுடைய பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று கேளுங்கள். சிறிய குற்றப்பணம் என்றால் நாலு பேர் சேர்ந்து கட்டிவிடுங்கள். அவள் திரும்பி வருகிற அன்றைக்கு, “வா மகள், சாப்பிட்டியா?” என்று கேட்டு உள்ளே கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்