கெட்டின் முகத்தை வெளுத்தது யார்?

சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு விளையாட்டு நடந்தது. உர்சுலா கே. லெ குவின் எழுதிய 'எர்த்சீ' மாயக்கதை வரிசையின் ஆறு புத்தகங்களையும் கைமாற்றிக் கைமாற்றிப் படித்து முடித்திருந்தோம். "இதைப் படமாக எடுத்தால் யார் யாரைப் போடலாம்?" என்று ஒரு தோழர் கிளப்பிவிட்டார். மொழி, நாடு பார்க்காமல் பலகையில் பெயர்களை எழுதினோம். நாயகன் கெட் வேடத்துக்கு ஐந்து பேர். ஐவரும் வெள்ளை வெளேர் என்று இருந்தார்கள். கறுத்த நடிகர்களையும் நாம் விட்டுவிடவில்லை. கெட்டைத் துரத்தும் நிழலுக்கும், அடிமைகளைப் பிடித்து விற்கும் கும்பலுக்கும் அவர்களைப் போட்டிருந்தோம்.

முதலாமாண்டு மாணவி ஒருவர் எழுந்து முதல் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். கெட்டின் தோல் செம்பழுப்பு. அவன் உயிர்த்தோழன் வெட்ச் அவனைவிடக் கறுப்பு. அந்தத் தீவுகளில் பெரும்பாலானோர் பழுப்போ கறுப்போதான். வெள்ளைத்தோல் உள்ளவர்கள் கிழக்கே இருக்கும் கார்க் மக்கள். தொடக்கத்திலேயே கெட்டின் கிராமத்தைச் சூறையாட வருபவர்களும் அவர்களே.

எல்லோரும் படித்த பக்கம்தான் அது. ஆனால் கண் வரியில் ஓடியது, மனம் சினிமாவில் ஓடியது. ஆடு மேய்த்த, கொல்லன் மகனான ஒரு கறுத்த பையன் உலகின் மிகப்பெரிய மந்திரவாதியாக வளர்கிற கதையை ரசித்துவிட்டு, அந்தப் பையனை நாமே கதையிலிருந்து வெளியே தள்ளியிருந்தோம்.

நாம் செய்ததை அமெரிக்கத் தொலைக்காட்சி முன்பே செய்துவிட்டது. 2004 டிசம்பரில் சை-ஃபை சேனல் இக்கதையைக் குறுந்தொடராக ஒளிபரப்பியது. கெட்டாக நடித்தவர் ஷான் ஆஷ்மோர், வெள்ளையர். வெட்ச்சாக வந்தவரும் வெள்ளையர். கெட்டுக்கு வழிகாட்டும் ஆசான் ஓகியனாக மட்டும் கறுப்பின நடிகர் டேனி குளோவர் வந்தார். கறுப்பர் ஞானம் சொல்லலாம், நாயகனாகக் கூடாது! பாத்திரத்தின் பெயரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. எர்த்சீயில் ஒருவரின் மெய்ப்பெயரே அவரது உயிர். அதை அறிந்தவர் அவரை ஆள முடியும். கெட் என்பது மெய்ப்பெயர், ஊர் அழைப்பது ஸ்பேரோஹாக். தொடரில் இவ்விரண்டையும் தலைகீழாக்கிவிட்டார்கள். முகமும் போனது, பெயரும் போனது.

லெ குவின் சும்மா இருக்கவில்லை. அதே மாதம் ஸ்லேட் இதழில் கண்டனம் எழுதினார். தம் மாந்தரின் நிறம் தற்செயலானது அல்ல, எழுதத் தொடங்கியபோதே தீர்மானித்தது என்றார். ஆலோசகர் என்ற பெயர் தமக்கு இருந்தும், முடிவெடுக்கும் இடத்தில் தம் சொல் ஏறவில்லை என்றும் சொன்னார். 1968 முதல் எழுதிய கதைக்கே இந்தக் கதி. எழுதியவருக்கே இந்தக் கதி.

"நடிப்புதானே, யாரும் யாராகவும் நடிக்கலாமே" என்று உடனே ஒரு குரல் வரும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தச் சுதந்திரம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். 'பாலா' என்ற 2019 இந்திப்படம் நிறவெறியைக் கண்டிக்க வந்த படம். அதில் கறுத்த பெண்ணாக நடிக்க வெளுத்த நடிகைக்கு மை பூசினார்கள். அதே ஆண்டு 'சூப்பர் 30' படத்தில் பீகாரின் ஏழை ஆசிரியராக ஹிருத்திக் ரோஷனைக் கறுப்பாக்கினார்கள். மேலே இருப்பவர் கீழே இறங்கி நடித்தால் அது அர்ப்பணிப்பு, அதற்குக் கைதட்டல்.

எதிர்த் திசையில் ஏறினால் என்ன கிடைக்கும்? பி.கே. ரோசியைக் கேளுங்கள். மலையாளத்தின் முதல் கதாநாயகி அவர். ஜே.சி. டேனியலின் மௌனப்படமான 'விகதகுமாரன்' படத்தில், தலித் பெண்ணான ரோசி நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரத்தில் படம் திரையேறியபோது சாதிவெறியர்கள் திரையைக் கல்லால் அடித்தார்கள். ரோசி ஊரைவிட்டு ஓடித் தமிழ்நாட்டுக்கு வந்தார். வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். படத்தின் பிரதிகூட இன்று இல்லை. யாரும் யாராகவும் நடிக்கலாம் என்பவர்கள் ரோசிக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். நிறமும் சாதியும் ஒன்றல்ல. தலித் என்பது தோலின் நிறம் அல்ல. நம்மில் வெளுத்தவர் உண்டு, ஆதிக்கச் சாதிகளில் கறுத்தவர் உண்டு. நமக்கு வேடம் கட்டும்போது மட்டும் ஒப்பனை அறையில் கறுப்பு மையைத் தேடுகிறார்களே, அதுவே ஒரு சாதிய மூடநம்பிக்கைதான். நாம் கேட்பது நிறத்துக்கு இட ஒதுக்கீடு அல்ல. நாயகன் என்றதும் ஒரே முகம் மனதில் வந்து நிற்கிறதே, அந்த முகத்தை அங்கே வைத்தது யார் என்றுதான் கேட்கிறோம்.

கடைசியாக ஒரு சாக்கு மிச்சமிருக்கும்: "மக்கள் பார்க்க மாட்டார்கள்." 2018இல் வந்த 'பிளாக் பாந்தர்' உலகம் முழுக்க 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2013இல் நாக்ராஜ் மஞ்சுளே 'ஃபன்றி' எடுத்தபோது நட்சத்திரத்துக்கு மை பூசவில்லை. அதுவரை நடித்திராத கிராமத்துச் சிறுவன் சோம்நாத் அவ்கடேயை நாயகனாக்கினார். அச்சிறுவன் தேசிய விருதோடு திரும்பினான். மக்கள் பார்க்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். காட்டத்தான் இவர்களுக்கு மனமில்லை.

அன்று பலகையை அழித்துவிட்டு மறுபடி எழுதினோம். ஓகியனுக்கு, சார்பட்டாவின் ரங்கன் வாத்தியாரான பசுபதி. கெட்டுக்கு யார் பெயரும் இல்லை. முதல் புத்தகத்தில் அவன் பதின்வயதுப் பையன், ஆகவே இன்னும் யாரும் அறியாத ஒரு பையன்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டோம். கூடவே, முதல் முறை எழுதத் தோன்றாத மூன்று கட்டங்களைச் சேர்த்தோம்: திரைக்கதை, இயக்கம், தயாரிப்பு. லெ குவினுக்கே இல்லாமல் போன அதிகாரம் அங்கேதான் இருக்கிறது.

தோழர்களே, இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்காதீர்கள். கற்பனையிலேயே நமக்கு இடம் தராத நாம், நாளை படப்பிடிப்புத் தளத்தில் எப்படிக் கேட்போம்? உங்கள் விடுதியில், உங்கள் வட்டத்தில், உங்களுக்குப் பிடித்த கதையை எடுத்து இதே பட்டியலைப் போடுங்கள். போட்டு முடித்ததும், நாயகன் கட்டத்தில் இருக்கும் முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதை எழுதியது உங்கள் கையா, இத்தனை காலம் உங்களுக்குப் படம் காட்டியவர்களின் கையா?

ஜெய் பீம்!