ஐஸ் உடைச்சது போதும் சாமி!

பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுறதுதான் நம்ம பொழப்பு. போன சனிக்கிழமை ஆணி புடுங்க விடாம 'இம்ப்ராவ் காமெடி கிளாஸ்'ல நிக்க வெச்சுட்டாங்க. வட்டமா நின்னு பேரைச் சொல்லி, ஒரு மிருகம் மாதிரி கத்தணுமாம். ஐஸ் பிரேக்கராம்!

புதுசா சேந்த தம்பிக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். அவன் முறை வந்துச்சு. டேமேஜர் சிரிச்சாரு. உடனே எல்லாரும் சிரிச்சோம், நானுந்தான். மத்தியானம் அவன் தனியா சாப்பிட்டான்.

இந்த விளையாட்டுகளுக்கு மூலம் வயோலா ஸ்போலின். சிகாகோவுல, குடியேறிகளோட பிள்ளைங்களுக்காக உருவாக்கினது. 1963ல புத்தகமாவும் வந்துச்சு. ஆடுறவன் யாரோட பாராட்டுக்கும் திட்டுக்கும் ஏங்கவோ பயப்படவோ கூடாதுங்கறது அவங்க அடிப்படை. அப்ரைசல் போடுறவரே வட்டத்துல நின்னா அது எப்படிங்க நடக்கும்?

திருப்பூர்ல நெஜமான ஐஸ் தையல் லைன்ல இருக்கு. ஒடிசா தம்பியும் நம்மூரு அக்காவும் பக்கத்துப் பக்கத்து மிஷின். ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியாது. சம்பளத்தோட அரை மணி நேரம் குடுத்து, சூப்பர்வைசரை வெளிய நிறுத்திட்டு, அங்க ஆடச் சொல்லுங்க பார்ப்போம்.

எங்களுக்கு டீக்கடை போதும். திங்கக்கிழமை அங்கதான் அந்தத் தம்பி பேசினான். நாங்க அவசரப்படாம கேட்டோம்.

டிஸ்கி: ஆபீஸ் பேரு கேக்காதீங்க, அப்ரைசல் அடுத்த மாசம் :-)